ஜெயக்கொடியிடம் நான் கேட்காத கேள்வி

1. சீட்டு முடிந்த பிறகு வந்தவள்

ஓ.பி. சீட்டு கொடுப்பதை நிறுத்திய பிறகு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெயக்கொடி இறங்கினாள். இடுப்பில் பதினோரு மாதப் பெண் குழந்தை. வயிற்றில் பத்து வாரக் கரு. நிலக்கோட்டைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் அப்போது மருத்துவ அலுவலர். அவளுக்குக் கண் குழிந்திருந்தது, நாக்கு வறண்டிருந்தது. யூரினில் அசிட்டோன் மூன்று பிளஸ், உடம்பு பட்டினியில் இருப்பதன் அடையாளம்.

"தண்ணி குடிச்சாக்கூடத் தங்க மாட்டேங்குது சார்" என்றான் கணவன் முருகேசன். பூக்களைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் வேனில் அவன் டிரைவர். அவள் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிப்பவள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகத்தை ஒருபக்கம் திருப்பிப் பாலிதீன் பையில் வாந்தி எடுத்தாள். மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் வாய் நழுவாமல், இடது கையால் அதன் தலையைத் தாங்கியபடியே எடுத்தாள். அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டிய நான் பாலைத்தான் பார்த்தேன்.

"ஏம்மா, வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டு இதுக்கும் பால் குடுக்குறியா? அதான் இம்புட்டு வாந்தி. இன்னைக்கே நிப்பாட்டு."

"இவ புட்டிப்பால் தொட மாட்டா சார்."

"பசிச்சா தொடுவா."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. அது என் வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சு. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னதால் மருத்துவம் ஆகிவிட்டது.

பால் மறக்க மார்பில் வேப்பிலை தடவச் சொன்னதும் நான்தான். கட்டடத்துக்குப் பின்னால் நின்ற வேம்பில் முருகேசன் கொழுந்து பறித்து வந்தான். அவளே கசக்கித் தடவிக்கொண்டாள். பிள்ளை வாய் வைத்தது, உடனே எடுத்தது. அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முருகேசன் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப் போனான்.

2. வார்டில் மூன்று நாள்

நீர்ச்சத்துக்கு ஆர்.எல். டிரிப் பாட்டில்கள் ஏறின. வாந்திக்கு ஊசி போட்டோம். மறுநாளும் வாந்தி நிற்கவில்லை. பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது, காய்ச்சலும் வந்தது.

"பிள்ளைய அனுப்பியும் வாந்தி நிக்கலையே சார்" என்றார் ஸ்டாஃப் நர்ஸ் சகாயமேரி.

"ரெண்டு நாள் ஆகும் சிஸ்டர்" என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

முருகேசன் வரும்போதெல்லாம் சிஸ்டருக்கு இரண்டு முழம் மல்லிகை, என் மேசைக்கு ஒரு பந்து. வேண்டாமென்றாலும் கேட்க மாட்டான். "வெறுங்கையா வந்தா நல்லாவா இருக்கும் சார்" என்பான். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் மட்டும் பதில் மெதுவாக வரும். "கஞ்சித்தண்ணி ரெண்டு வாய் குடிக்கிறா. அம்மா சேலைய வச்சுக்கிட்டே தூங்குறா."

மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் ஜெயக்கொடி மெல்லச் சொன்னாள்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"சிஸ்டர் தலைப்பூவச் செத்த நேரம் எடுக்கச் சொல்றீங்களா? அந்த வாடைதான் சார் கொமட்டுது. நாள் தள்ளிப்போனதுலருந்தே தோட்டத்துக்குள்ள கால் வச்சா வாந்திதான்."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"பூ ஆகலைன்னு எந்த வாயால சார் சொல்ல? எங்க பொழப்பே பூவு. கட்டுனவரு ஆசையா வாங்கிட்டு வாராரு. கேட்டா வீட்டுல என்ன நெனைப்பாக? நீங்களும் கேக்கல."

நான் சுற்றிப் பார்த்தேன். சிஸ்டரின் கொண்டையில் மல்லிகை. சுவரில் மாட்டிய சாமி படத்துக்கு மல்லிகைச் சரம். பக்கத்துக் கட்டில் பெண்ணின் சடையில், பார்க்க வந்தவர்களின் கையில் மல்லிகை. மூன்று நாளாக அவளை நோயின் நடுவிலேயே படுக்க வைத்து மருந்து ஏற்றியிருக்கிறோம். பூ விளையும் ஊர், எங்கள் மூக்குக்கு அந்த வாசனை இருப்பதே தெரியாது.

சகாயமேரி கொண்டையை அவிழ்த்துப் பூவை ஜன்னலுக்கு வெளியே போட்டார். "இருவது வருஷ சர்வீஸ்ல இன்னைக்குத்தான் வெறுந்தலையா நிக்கிறேன். எல்லாம் ஒனக்காகத்தான்டி" என்றார். ஜெயக்கொடி முதல் தடவையாகச் சிரித்தாள். கடைசி அறையைக் கழுவி அவளை அங்கே மாற்றினோம். சாயங்காலம் அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். அது தங்கியது.

பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். சாதாரணக் கர்ப்பத்தில் பால் கொடுப்பதை நிறுத்த அவசியமில்லை. இவ்வளவு வாந்தி இருந்தால் தாயின் நீர்ச்சத்தையும் எடையையும், பிள்ளையின் எடையையும் கவனிக்க வேண்டும், ரத்தக்கசிவோ வலியோ இருந்தால் யோசிக்க வேண்டும். அவளுக்கு இரண்டும் இல்லை.

3. பிள்ளை வந்தது

மறுநாள் முருகேசன் பூவில்லாமல் பிள்ளையோடு வந்தான். "தப்பு என்னோடது. பால் குடும்மா" என்றேன். நான் நோயாளியிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

ஜெயக்கொடி மார்பை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி வந்தாள். பிள்ளை தாவி ஏறியது. மார்பில் கை வைத்தது, முகர்ந்தது, வாய் கிட்டே கொண்டுபோனது. பிறகு உதட்டை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடியும் மறுபடியும் காட்டினாள். கடைசியில் அவள் கழுத்தடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே, "விடுங்க சார். பால் வேணாம்னாலும் நான் வேணும்னு வந்து படுத்துக்கிருச்சுல்ல" என்றாள்.

அந்தப் பிள்ளை பிறகு பால் குடிக்கவே இல்லை.

நன்றாக வளர்ந்தாள். தம்பியும் குறையில்லாமல் பிறந்தான். ஒரு புதன்கிழமை தடுப்பூசிக்கு ஜெயக்கொடி இரண்டு பிள்ளைகளோடும் வந்தாள். அவள் தலையில் மல்லிகை. "இப்ப ஆகுதா?" என்றேன். "ரெண்டு மொழம் பத்தல சார்" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து பையனுக்குப் பால் கொடுத்தாள். பெரியவள் பக்கத்தில் நின்று, தம்பி குடிப்பதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டாள். ஊசிக்குப் பயந்து எல்லாப் பிள்ளையும் செய்வதுதான் என்றார் சகாயமேரி. என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வாந்தி என்று ஒரு பெண் வந்தால், மடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன், "எப்பம்மா வருது, எது கிட்ட வந்தா வருது?" என்று கேளுங்கள். கேட்க அரை நிமிடம் போதும். நான் அதை மூன்று நாள் கேட்கவில்லை.