பதினான்காம் வரியில் ‘அது’

“அவரு கப்பல் ஏறிட்டாரு. இவன்தான் இன்னும் கிடங்குலயே படுத்துக் கிடக்கான், சோம்பேறி” என்று கணினித் திரையைத் திட்டிக்கொண்டே, பல்வலியோடு வந்தவருக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார் பார்சல் அக்கா. ‘அவர்’ என்பது இரண்டாம் மாடிக்காரர் கேட்ட மடக்கு நாற்காலி. ‘இவன்’ யாரோ கேட்ட நகவெட்டி. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்களுக்கு அக்கா தரும் மரியாதை எடையைப் பொறுத்தது. அரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் ‘அவன்’தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கேட்கிற நிலையில் அவர் வாயும் இல்லை.

ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல் ஆஸ்பத்திரி. அங்கே வரவேற்பு மேஜையில் அக்காவுக்கு வேலை. வீடு மூன்றாம் மாடியில். பகல் முழுக்க ஆள் இருக்கும் மேஜை அந்தக் கட்டடத்திலேயே இது ஒன்றுதான் என்பதால், கூரியர்காரர்கள் எல்லார் பெட்டியையும் அங்கேயே இறக்கிவிட்டுப் போனார்கள். பெட்டி வாங்கி வைத்த கை சும்மா இருக்குமா? ஆர்டரும் தானே போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். அதற்கென்று ஒரு எக்செல் ஷீட் பிறந்தது. யார், என்ன, பார்சல் எண், எந்த நாடு, இப்போது எங்கே என்று ஐந்து பத்திகள். கிளம்பாதது வெள்ளை, வழியில் இருப்பது மஞ்சள், சுங்கத்தில் மாட்டிக்கொண்டது சிவப்பு, வந்து சேர்ந்தது பச்சை. பச்சை அடித்ததும் திரையை ஒருமுறை மெல்ல ஊதுவார். “காயட்டும்” என்பார்.

அக்காவின் வீட்டுக்காரருக்கு இதில் வருத்தம் உண்டு. “என்னையும் ஒரு வரியில போட்டு வச்சிருப்பா. மஞ்சள்லதான் இருப்பேன்” என்று சொல்லிக்கொள்வார். அவர் எத்தனை கெஞ்சினாலும் ஷீட்டை மட்டும் அக்கா காட்டியதில்லை. யார் வீட்டுக்கு என்ன வருகிறது என்பது அவரைத் தாண்டி வெளியே போகாது. பெட்டி மேலுள்ள எண்ணை ஷீட்டில் தேடுவார், அந்த வரியில் இருக்கும் பெயரை மார்க்கரால் எழுதுவார், ஆளிடம் சேர்ப்பார். பிரித்துப் பார்க்கும் பேச்சே கிடையாது. “அடுத்தவங்க பெட்டியப் பிரிக்கிறதும் அடுத்தவங்க வாயத் தொறந்து பாக்கிறதும் ஒண்ணு. அதுக்கு டாக்டர் இருக்காரு.”

அந்த டாக்டரே ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் ஒரு ஆர்டர் சொன்னார். கல்லூரியில் அவருக்கு ‘காடு’ என்று பட்டப்பெயர். அத்தனை முடி. முப்பது வருடம் கழித்து அந்த வகுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப்போகிறது; காடு இப்போது அறுவை சிகிச்சைத் தொப்பிக்குள் வெறும் மைதானமாக இருக்கிறது. அக்கா சிரிக்கவில்லை. பதினான்காம் வரியில் டாக்டர் பெயரைப் போட்டு, ‘என்ன’ என்ற இடத்தில் ‘அது’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

வினை திங்கட்கிழமை வந்தது. இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த ஐந்து நிமிடத்தில், பெயர்கள் தாறுமாறாக இருப்பது அக்கா கண்ணை உறுத்தியது. பெயர்ப் பத்தியை மட்டும் பிடித்து அகர வரிசைப்படுத்தினார். பெயர்கள் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தன. பொருள்களும் எண்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. “எவ்ளோ அடக்கமா உக்காந்துட்டாங்க” என்று அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் பெட்டிகள் மளமளவென்று போய்ச் சேர்ந்தன. ஒருவரும் குறை சொல்லவில்லை, அக்கா மீது அத்தனை பயபக்தி. காது கேட்கும் கருவிக்குப் பேட்டரி கேட்டிருந்த முதல் மாடிப் பெரியவருக்கு உடற்பயிற்சி ரப்பர் பட்டை போயிற்று. அவர் அதை வைத்து ஜன்னல் கதவை இழுத்துக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் டாக்டர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கையில் நான்கு கால் ஓட்டை வைத்த மஞ்சள் மழைக்கோட்டு.

“இது என்னம்மா?”

அக்கா ஷீட்டைப் பார்த்தார். “நாய்க்குட்டி மழைக்கோட்டு டாக்டர். உங்க பேர்லதான் இருக்கு. ஷீட்ல தப்பு வராது.”

“எங்க வீட்ல நாயே இல்லையேம்மா.”

“வாங்கப் போறீங்களோ என்னவோ.”

சொல்லி முடிக்கும்போதே அக்காவின் கண் பெயர்ப் பத்திக்குப் போனது. பெயர்கள் அத்தனையும் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி ஒழுங்காக நின்றுகொண்டிருந்தன. பதினான்காம் வரிக்கு ஓடினார். ‘அது’, பச்சை. பக்கத்தில் நான்காம் மாடி கீபோர்டு டீச்சரின் பெயர். நாளை மறுநாள்தான் அந்த ஞாயிறு. டாக்டரின் முகத்தைப் பார்க்கும் தைரியம் அக்காவுக்கு இல்லை. லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறினார்.

டீச்சர் வீட்டில் பாடம் நடந்துகொண்டிருந்தது. மாணவி யார் என்று பார்த்ததும் அக்கா வாசலிலேயே நின்றார். அதே கட்டடத்தில் குடியிருக்கும் டாக்டரின் மச்சினி. அவர் காதில் ஒன்று விழுந்தால், மாலைக்குள் சொந்தபந்தம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

“வாங்க அக்கா” என்றார் டீச்சர். “கீபோர்டுக்கு உறை கேட்டேன், தூசி தட்டுறது அனுப்பிட்டாங்க. ஆனா குறை சொல்லக்கூடாது, இண்டு இடுக்கெல்லாம் நல்லாப் போகுது.” கறுகறுவென்று, பக்கவாட்டில் வகிடெடுத்த காடு கீபோர்டின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

மச்சினி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது தட்டுறது இல்ல டீச்சர். உள்ள வலை இருக்கு பாருங்க. ஆம்பளைங்க வைக்கிற விக்கு. யாருதுக்கா இது?”

“ஷீட்டைப் பாத்துத்தான் சொல்லணும்” என்றார் அக்கா. வாழ்நாளில் முதல்முறையாக அவர் குரலில் உறுதி இல்லை.

“எதுக்கு ஷீட்டு? நம்ம கட்டடத்துல வழுக்கை எத்தனை பேருக்கு இருந்துடப் போகுது?” மச்சினி விரல் விட்டு எண்ணினார். “முதல் மாடி பெரியவர். ரெண்டாவது மாடி நாற்காலிக்காரர், அவருக்குக் கொஞ்சம் இருக்கு. அஞ்சாவது மாடி வாத்தியார். அப்புறம் கீழ...”

நான்காவது விரல் எழும்பியது.

அக்காவுக்கு ஷீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருமை என்று ஒன்று உண்டென்றால், அது இடுப்புக்குக் கீழே தொங்கும் அந்தப் பின்னல்தான். அதைச் சுருட்டி உச்சந்தலையில் முடிந்தார். விக்கை வாங்கி, தூசியை ஒரு தட்டுத் தட்டி, கொண்டையின் மேல் கவிழ்த்துக்கொண்டார்.

“என்னுதுதான்” என்றார்.

மச்சினியின் விரல் அப்படியே நின்றது. அக்கா கீபோர்டின் பளபளப்பில் குனிந்து பார்த்து, வகிட்டைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து படியிறங்கினார்.