ஆளுக்கு ரெண்டு செய்தி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு எங்கள் குடியிருப்பில் ‘ரேடியோ’ என்று பெயர். காரணம், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு. விடிந்ததும் ஒன்று, கடை திறந்ததும் ஒன்று, மதியம் இரண்டு மூன்று என்று அதில் அவர் செய்தி வந்துகொண்டே இருக்கும். எல்லாம் ஒரே கேள்விதான்: ‘என் வீட்டம்மாவை யாராவது பார்த்தீர்களா?’

அந்த அம்மாவுக்கு மறதி நோய். கதவைப் பூட்டினால் உள்ளேயிருந்து தட்டித் தட்டிக் கை வீங்கிவிடும். ஒரு தரம் பூட்டிப் பார்த்தவர் அப்புறம் பூட்டவே இல்லை. திறந்துவிட்டாலோ கால் போன போக்கில் போய்விடுவார். கணவர் கீழே கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்திக்கொண்டிருப்பார். கடையை மூடினால் அடுப்பு எரியாது. அதனால் குழுவில் கேட்பார். ‘அண்ணா, அம்மா மொட்டை மாடியில நிக்கிறாங்க’, ‘கார் நிறுத்துற இடத்துல இருக்காங்க, நான் பிடிச்சு வச்சிருக்கேன்’ என்று பதில் வரும். நாலு கட்டிடத்து ஜன்னல்களும் சேர்ந்து ஒரு மனுஷியைப் பார்த்துக்கொண்டன. இதைவிட உருப்படியாக ஒரு குழு எதற்குப் பயன்படும், சொல்லுங்கள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு அது பொறுக்கவில்லை. தண்ணீர் வராது என்று அவர் போட்ட அறிவிப்பு ஒருநாள் ரேடியோவின் செய்திகளுக்கு அடியில் போய்விட்டது. சோப்பு நுரையோடு குளியலறையில் நின்றவர்கள் செயலாளரைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் கூட்டம் போட்டார்.

“இனிமே ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு செய்திதான். மீறினா ஒரு மாசம் குழுவை விட்டு வெளியே.”

“அவசரம்னா?” என்று கேட்டார் மூன்றாம் மாடிப் பல் டாக்டரம்மா.

“அவசரம்னா போன் பண்ணட்டும். யார் வேண்டாம்னா?”

யாருக்குப் போன் பண்ணுவது? அம்மா யார் கண்ணில் படுவார் என்று தெரிந்தால் அவர் எதற்கு ஊரையே கேட்கிறார்! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஆனாலும் டாக்டரம்மாவைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். ரேடியோவும் தூக்கினார். “எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டேன்” என்று மன்னிப்பு வேறு. அந்த மனுஷனுக்குக் கோபப்படவே தெரியாது. எனக்கு அதுதான் கோபம்.

அதன் பிறகு அவர் செய்தியை மருந்து மாதிரி அளந்து அளந்து போட்டார். ஒன்றை எப்படியாவது சாயங்காலத்துக்கு மிச்சம் பிடிப்பார். பொழுது சாயும்போதுதான் அம்மாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது.

அன்றைக்குக் காலையிலேயே ஒன்று போய்விட்டது. மதியம் சாப்பிட மேலே வந்தவர் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தார். அம்மாவின் செருப்பும் இல்லை. போனை எடுத்து அதே கேள்வியை எழுதினார். அனுப்பவில்லை. இங்கேதான் எங்கேயாவது இருப்பாள், இதையும் இப்போதே அனுப்பிவிட்டால் சாயங்காலம் என்ன செய்வது என்று நினைத்தார். மொட்டை மாடிக்குப் போனார். நாலு கட்டிடத்துப் படிகளையும் ஏறி இறங்கினார். மூச்சு வாங்கி, கார்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்த பிறகுதான் அனுப்பினார்.

டாக்டரம்மா உடனே கூப்பிட்டார். “அண்ணா, நான் கிளினிக்குக்கு வந்த பஸ்லதான் அம்மா முன் சீட்டுல உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. கூட்டமா இருந்துச்சா, நீங்க பின்னால நிக்கிறீங்கன்னு நினைச்சு நான் இறங்கிட்டேன். வழி பூரா போன் கையிலதாண்ணா இருந்துச்சு…” என்று அழுதார்.

பஸ் அதற்குள் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பிவிட்டிருந்தது. போலீஸில் சொன்னார்கள், சுவர்களில் படம் ஒட்டினார்கள். அம்மா கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

செயலாளர் அவர் வீட்டுக்கே போய், “உங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் சார். எத்தனை வேணும்னாலும் போடுங்க” என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ரேடியோ அதற்கும் நன்றி சொன்னார்.

விடிந்ததும் கேட்டார், கடை திறந்ததும் கேட்டார், கடையைச் சாத்தும்போதும் கேட்டார். முதலில் கைகூப்பும் பொம்மைகள் பதிலாக வந்தன. பிறகு அதுவும் நின்றது. “பாவம், படிக்கவே மனசு கேக்கல” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வீட்டிலும் குழுவின் சத்தத்தை அணைத்தார்கள். இப்போது செயலாளர் புதிதாக வேறொரு குழு தொடங்கியிருக்கிறார். எல்லாரும் அங்கே போயாயிற்று. ரேடியோவைச் சேர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. பழைய குழுவில் இன்றைக்கும் கேட்டிருக்கிறார்.