கல்யாணத்தை வெட்டி ஏற்றுகிறவள்

பெரிய பெரிய ஃபைல்களைத் துண்டு துண்டாக வெட்டி கிளவுடில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. கறிக்கடைக்காரருக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அவர் வெட்டியதை யாரும் திரும்ப ஒட்டித் தரச் சொல்வதில்லை.

தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்றுபோன பச்சைக் கோட்டை முறைத்துப் பார்த்து, "ஏறித் தொலையேன், ஐயா சாமி" என்று கெஞ்சியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான், உட்காருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். நானும் ஃபரீதும் இரண்டே பேர். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எங்களுக்கு ஃபைலை அனுப்புவார்கள், நாங்கள் அதைக் கிளவுடில் பத்திரமாக வைத்துக்கொடுப்போம். இந்தத் தொழிலில் என் உயிரை வாங்கியவர்கள் பலர் உண்டு. அதில் முதல் பரிசு கிள்ளான் சேகரண்ணனுக்கு. அவர் கதையை மட்டும் சொல்கிறேன், உங்களுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

வெட்டாதே!

மற்ற ஸ்டூடியோக்காரர்கள் நலுங்கு, தாலி கட்டு, ஹால் டின்னர் என்று தனித்தனி ஃபைலாக அனுப்புவார்கள். சேகரண்ணன் மட்டும் முழுக் கல்யாணத்தையும் ஒரே வீடியோவாகச் சேர்த்துத்தான் அனுப்புவார். ஒரு கல்யாணத்தைப் பிரித்து வைக்கக்கூடாதாம், அபசகுனமாம். அந்த ஃபைலோ யானை சைஸ். அதை ஒரே மூச்சில் ஏற்ற யாராலும் முடியாது. வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் போட்டு அனுப்ப வேண்டியதுதான். முதல் தடவையே அவர் திரையில் "பாகம் ஏறுகிறது" என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார் பாருங்கள், ஏதோ நான் பொண்ணு மாப்பிள்ளையையே பிரித்துவைத்த மாதிரி!

"அண்ணே, வீடு மாறும்போது அலமாரியைக் கழட்டித்தானே லோரியில ஏத்துறோம்? எந்தப் பலகை முன்னால போனா என்ன, புது வீட்டுல திரும்பப் பூட்டிடுவோம்ல? அதே மாதிரிதான் இதுவும்" என்று தொண்டை வற்றச் சொன்னேன். பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டார்.

"வெட்டுறது வெட்டு, ஆனா தாலி கட்டுற இடத்துல மட்டும் வெட்டாதே தங்கச்சி."

அயர்ன் பெட்டி

ஒருநாள் பாதியில் ஏற்றம் நின்றுவிட்டது. சேகரண்ணன் வீட்டிலிருந்து ஒரு துண்டும் வரவில்லை. கிள்ளானில் மழை பெய்து லைன் போய்விட்டதோ என்று போன் பண்ணினால், மழையெல்லாம் இல்லை. அவர் மனைவி வசந்தி அக்கா கோயிலுக்குக் கட்டப் புடவையை அயர்ன் போடணுமே என்று இன்டர்நெட் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வது போனிலேயே கேட்டது. "போச்சு, எல்லாம் போச்சு, மறுபடி முதல்லேர்ந்து ஏத்தணும்!" என்று வீடே அதிரக் கத்துகிறார்.

நான் வசந்தி அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "ஒண்ணும் ஆகலைக்கா, ப்ளக்கைத் திரும்ப மாட்டுங்க" என்றேன். மாட்டினார். ஏறிய துண்டுகள் ஏறியபடியே இருந்தன. ப்ளக்கைப் பிடுங்கியபோது பாதி வழியில் இருந்த துண்டு மட்டும் மறுபடி கிளம்பியது, மற்றவை அதன் பின்னாலேயே வந்தன. அக்காவுக்கு ஒரே சந்தோஷம், அண்ணன் காதில் விழவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்:

"பாருங்க, நின்ன இடத்துலேர்ந்து தொடரணும்னு மெஷினுக்குத் தெரியுது, எங்க வீட்டு மனுஷனுக்குச் சண்டைன்னா எப்பவும் முதல்லேர்ந்துதான் லா!"

கடைசி முடிச்சு

எல்லாத் துண்டும் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. "அவ்வளவுதான், ஒட்டு" என்று கடைசியாக ஒரு கட்டளை போக வேண்டும். அது போகும்வரை துண்டுகள் அங்கே கிடக்கும், ஆனால் கிளவுடில் அவரவருக்கென்று இருக்கும் பெட்டியில் ஃபைல் என்று ஒன்று தெரியவே தெரியாது. மற்ற எல்லோருக்கும் அந்தக் கட்டளை தானாகவே போகும்படி ஃபரீத் செய்துவைத்திருக்கிறான். சேகரண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "முடிச்சு நல்ல நேரம் பாத்துத்தான் போடணும், அதை நானே என் கையால போடறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். தொல்லை தாங்காமல் அவருக்கு மட்டும், அவர் போனிலிருந்து மட்டுமே அமுக்கும்படி, "முடி" என்று ஒரு பொத்தானை வைத்துக் கொடுத்தோம்.

அதோடு விட்டாரா? தினமும் ராகு காலம் வந்தால் ஏற்றத்தையே நிறுத்திவைப்பார், போனதும் மறுபடி விடுவார். ஃபரீத் சுங்கை பூலோவில் நம் ஆட்கள் நடுவே வளர்ந்தவன், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். ஆனால் இதற்கு அவன் திட்டவில்லை. கொஞ்ச நாள் கவனித்துப் பார்த்துவிட்டு மரியாதையோடு சொன்னான்:

"அக்கா, நம்ம சர்வர் மெயின்டனன்ஸைவிட இந்த ராகு காலம் கரெக்டா டைமுக்கு வருது லா."

காணாமல் போன கல்யாணம்

ஒரு திங்கட்கிழமை காலை நான் ஆபீஸைத் திறக்கும்போதே சேகரண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் நர்ஸ் உடையில் ஒரு பெண், பிரேமா. எட்டு நாளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் கல்யாணம் நடந்த கவிதாவின் அக்கா. அம்மா இல்லாத வீட்டில் தங்கச்சியை வளர்த்துப் படிக்கவைத்தவர் இவர்தான். ஆனால் கல்யாணத்தன்று வார்டில் ஆள் இல்லை, கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். தாலி கட்டும்போது இவர் இன்னொருவர் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வீடியோ எங்கே, வீடியோ எங்கே என்று கேட்டிருக்கிறார். அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை.

என்ன நடந்தது என்று கேட்டேன். கல்யாணம் முடிந்து நள்ளிரவுக்கு மேல் ஏற்றத் தொடங்கி, மறுநாள் காலையில் கடைசித் துண்டும் ஏறிவிட்டது. ஆனால் அப்போது ராகு காலம். சரி, போனதும் "முடி"யை அமுக்கலாம் என்று இருந்தவருக்கு ஷா ஆலமிலிருந்து அடுத்த வேலைக்கு அழைப்பு வந்தது. எல்லாம்தான் ஏறியாச்சே என்ற தைரியத்தில் கார்டு, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் அழித்து எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். பொத்தானை மறந்தேவிட்டார். சிக்கல் அங்கேதான். அரைகுறையாகக் கிடக்கும் துண்டுகள் வீணாக இடத்தை அடைக்கும் என்று நாங்கள் ஒரு விதி போட்டிருக்கிறோம்: தொடங்கி ஒரு வாரமாகியும் முடியாதவற்றைக் கிளவுடே துடைத்துவிடும். ஒரு வாரம் அன்றோடு ஆகிறது. துடைத்துவிட்டதா, இனிமேல்தானா, தெரியாது. இதைச் சொன்னதும் அண்ணன் அழுதேவிட்டார். பிரேமா அழவில்லை.

"எனக்கு முழு வீடியோகூட வேணாம்கா, தாலி கட்டுறப்போ என் தங்கச்சி முகம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் பாக்கணும்."

மறுபடியும் ராகு காலம்

ஓடிப்போய்க் கணினியைத் திறந்தேன். முதல் வேலையாக அந்த விதியை நிறுத்தினேன். ஆனால் நிறுத்து என்றதும் அது அந்த நொடியே நின்றுவிடும் என்று நம்ப முடியாது. துண்டுகள் இருக்கின்றனவா என்று கிளவுடைக் கேட்டேன். இருந்தன! ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் அப்படியே இருந்தன. நான் போட்ட சத்தத்தில் கீழே பூக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். "அண்ணே, உங்க போனை எடுங்க, பொத்தானை அமுக்குங்க, சீக்கிரம்!" என்றேன். அண்ணன் போனை எடுத்தார், விரலையும் நீட்டினார், அப்படியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், சிலையாகிவிட்டார். திங்கட்கிழமை காலை. அதே ராகு காலம். "இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தா..." என்று இழுக்கிறார் மனுஷன்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பிரேமா முந்திக்கொண்டார். "அண்ணே, கல்யாணம் நல்ல நேரத்துலதான் நடந்துச்சு, இது அதோட படம்தானே? எங்க ஆஸ்பத்திரியில பிள்ளைங்க ராகு காலம் பாத்தா பொறக்குதுங்க?" என்று சொல்லி, அவர் விரலைப் பிடித்துத் தானே பொத்தான்மேல் அழுத்திவிட்டார்.

ஒட்டி முடிந்தது. பெட்டியில் ஃபைல் வந்தது, முழுசாக வந்தது. தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டினேன். கெட்டிமேளம், பூவும் அரிசியும் கொட்டுகின்றன, மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார். எல்லாரும் தாலியைப் பார்க்க, கவிதா மட்டும் தலையை நிமிர்த்தி கேமராவை நேராகப் பார்த்து "அக்கா" என்றாள். மேளச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை, வாயசைவு நன்றாகத் தெரிந்தது. அதுவரை கல்லாக இருந்த பிரேமா உடைந்து அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. "கேமராவைப் பாக்காதேன்னு அந்தப் பொண்ணுகிட்ட எத்தனை தடவை சொன்னேன், எடிட்டிங்ல இந்த இடத்தைத் தூக்கிடலாம்னு இருந்தேன்" என்றார் சேகரண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பிரேமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"அந்த இடத்துல மட்டும் வெட்டாதீங்கண்ணே."

ஆக, இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: எதையும் எத்தனை துண்டாக வேண்டுமானாலும் வெட்டலாம், மழை வந்தால் நிறுத்தலாம், அயர்ன் பெட்டிக்கு வழிவிடலாம், ஆனால் கடைசிப் பொத்தானை மட்டும் சேகரண்ணனிடம் கொடுக்கவே கூடாது.