கீழுதட்டில் இரண்டு குழிகள்

எங்கள் சித்தப்பா மேடையில் பேசுகிறார் என்றால் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வரும். அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. கூட்டம் எதற்காகப் போட்டிருந்தாலும், கிரகணத்துக்குப் பயந்து சோற்றைக் கொட்டுகிறவர்களை ஒரு பிடி பிடிக்காமல் அவர் மேடையை விட்டு இறங்க மாட்டார். நிழலைப் பார்த்து நடுங்கலாமா என்று அவர் கேட்கும்போது கைதட்டல் அடங்க நேரமாகும். எங்கள் வீட்டிலும் கிரகணத்தன்று அத்தை சோற்றைக் கொட்டிக்கொண்டுதான் இருந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள், கணவனை இழந்து எங்களோடு இருந்தவள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவளிடம் சித்தப்பா எதையும் கேட்டதில்லை.

சித்தப்பாவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அதன் மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. வாய்க்குள் அண்ணமும் பிளந்திருந்தது. மார்பில் வைத்தால் குழந்தையால் உறிஞ்ச முடியவில்லை. சித்தி பாலைப் பீய்ச்சி, பாலாடைச் சங்கால் அதன் வாயில் சொட்டுச் சொட்டாக ஊற்றுவாள். பாதி மூக்கு வழியாக வந்துவிடும். அதைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுவாள். ஒரு வேளைப் பால் புகட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும்.

சித்தி கிரகணத்தன்று அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கியதால் வந்தது இது என்று அத்தை கண்டுபிடித்தாள். அன்றைக்குத் தான் அடுப்படிப் பக்கமே போகவில்லை, படுத்தே கிடந்தேன் என்று சித்தி சொன்னாள். அப்படியானால் புரண்டு படுத்திருப்பாய் என்றாள் அத்தை. சித்தப்பா அப்போது கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஒரே பக்கத்தைப் படித்தார்.

மூன்றாவது மாதம், சித்தியைச் சீர்காழிக்குப் பக்கத்தில் இருந்த அவள் தாய் வீட்டில் விட்டுவிடுவது என்று அத்தை முடிவு செய்தாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்பது வெளியில் சொன்ன பேச்சு. சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்ப்பது பற்றி அவள் அப்பாவிடம் பேசியதை நான் கேட்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் இருக்கும்போது யாரும் குரலைத் தணித்துக்கொள்வதில்லை.

போகிற வழியில், கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காட்டிவிட்டுப் போகிறோம் என்று அம்மா அப்பாவிடம் கேட்டு அனுமதி வாங்கினாள். அங்கே உதட்டைத் தைக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆண்கள் இருவராலும் வர முடியவில்லை. கூலி உயர்த்தாமல் அரிவாளைத் தொட மாட்டோம் என்று ஆட்கள் நின்றுவிட்டதால் குறுவை நெல் அறுக்காமல் வயலில் சாய்ந்து கிடந்தது. அப்பா உழுதது ஒரு மடத்தின் நிலம். குத்தகையைத் தன் பெயருக்குப் பதிந்துகொள்ள அவர் தாலுக்கா ஆபீஸுக்கு அலைந்துகொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுப்பது சித்தப்பாதான். கலவரம் வரும் என்று வந்த போலீஸ்காரர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அதனால் எனக்குப் பள்ளி இல்லை, அம்மாவோடு கிளம்பினேன். சித்தியின் துணிமணி எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஒரு டாக்டரம்மா. அவர் உதட்டை மட்டும் பார்த்துவிட்டு விடவில்லை. குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். காதுகளை மடக்கிப் பார்த்தார், கைவிரல் கால்விரல்களை எண்ணினார். இப்படிப் பிறக்கிற பிள்ளைகளுக்கு வேறு எங்காவது கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார். பிறகு டார்ச் விளக்கை அடித்துக் குழந்தையின் கீழுதட்டைப் பார்த்தார். சித்தியின் உதட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு என் உதட்டைப் பார்த்தார்.

என் கீழுதட்டின் நடுவில், ஊசியால் குத்தியதுபோல இரண்டு சிறு குழிகள் உண்டு.

"பாப்பா, இது வீட்டுல வேற யாருக்கு இருக்கு?"

அத்தைக்கு, அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, எனக்கு என்று பெருமையாகச் சொன்னேன். பேச்சில் கெட்டிக்காரர்களுக்குத்தான் அப்படி இருக்கும் என்று அத்தை சொல்லிவைத்திருந்தாள்.

டாக்டரம்மா சித்தியிடம் திரும்பினார். "குழந்தைக்கும் அந்தக் குழி இருக்கு, பாருங்க. இதுவும் அந்தப் பிளவும் சேர்ந்து வர்றது. ஒரே குடும்பத்துல சிலருக்குக் குழியோட நின்னுடும், சிலருக்கு உதடு பிளந்துடும். இது உங்க வீட்டுக்காரர் வழியில வந்ததும்மா."

"கிரகணத்துல நான் ஒண்ணும் பண்ணலைங்களா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை."

சித்தி அழவில்லை. குழந்தையின் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அங்கே எதுவும் இல்லை.

எடை கொஞ்சம் ஏறியதும் உதட்டைத் தைத்துவிடலாம், அண்ணத்தை ஒன்றரை வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, நர்ஸோடு எடை போட்டுவரச் சித்தியை அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சீட்டும் கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டில் சீர்காழி பஸ் நின்றது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது போனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

"அக்கா, அண்ணி சத்தம் போடுவாங்களே" என்றாள் சித்தி.

"ஏறு" என்றாள் அம்மா.

பெட்டி திரும்பி வந்ததைப் பார்த்து அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் முன்னால் நின்று அம்மா அதுவரை ஒரு வாக்கியம் முழுதாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இது நம்ம வீட்டு வழியா வந்ததுதானாம் அண்ணி. உங்க உதட்டுலயும் இருக்கு, தம்பி உதட்டுலயும் இருக்கு. டாக்டரம்மா இதுல எழுதியே குடுத்திருக்காங்க."

அத்தை சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இங்கிலீஷில் இருந்தது. கூடத்தில் இருந்த சித்தப்பாவிடம் நீட்டி, படித்துச் சொல்லச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போதே அதை நான் எழுத்துக்கூட்டிப் பார்த்திருந்தேன். அதில் இருந்தது குழந்தையின் எடையும் மறுபடி வரவேண்டிய தேதியும்தான்.

சித்தப்பா சீட்டைப் பார்த்தார். நிமிர்ந்து, குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற சித்தியைப் பார்த்தார். அவர் விரல் கீழுதட்டுக்குப் போனது.

"ஆமாக்கா. அப்படித்தான் எழுதியிருக்கு."

சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் சரியாக வராது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சீட்டில் இருந்த தேதிக்கு அவரே சித்தியையும் குழந்தையையும் அழைத்துப் போனார். வேறு பெண் பேச்சு அதன்பின் எழவில்லை. உதடு தைத்த அந்தத் தம்பி இப்போது கும்பகோணத்தில் வாத்தியாராக இருக்கிறான். சில எழுத்துகள் மட்டும் மூக்கால் வரும்.

ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. நர்ஸோடு சித்தி வெளியே போனதும் அம்மா மேஜை அருகில் நகர்ந்து நின்றாள்.

"இந்த மாதிரி பிள்ளைங்க பிழைக்குமாங்க?"

"பால் உள்ளே போனா பிழைக்கும். உங்க ஓரகத்தி நல்லாத்தானே புகட்டுறாங்க."

"பாலாடையால புகட்டியிருந்தாலே போதுமாங்க?"

டாக்டரம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எத்தனை நாள் இருந்தது என்று கேட்டார்.

"ஒன்பது நாள். நான் நல்லாவே பார்க்கலைங்க. பார்க்கக்கூடாதுன்னு மூடியே வச்சிருந்தாங்க."

டாக்டரம்மா எழுந்து வந்து அம்மாவின் தோளில் கையை வைத்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை இருந்தது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் குழந்தைக்குத்தான் மூன்று மாதம் முடிந்துவிட்டதே, அம்மா ஏன் ஒன்பது நாள் என்று தப்பாகச் சொல்கிறாள் என்று யோசித்தேன். திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சித்தி குழந்தையோடு வந்துவிட்டாள்.