வலது சக்கரத்தின் வழி

ஜீப் ஓட்டுகிறவருக்கு ‘நடராஜா சர்வீஸ்’ என்று பட்டம் கட்டியது அவருடைய தங்கை கணவர். ஒர்க்‌ஷாப்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாளடைவில் தேய்ந்து வெறும் சர்வீஸ் ஆகிவிட்டது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்பை வைத்துக்கொண்டு, வழியில் வெள்ளம் வந்தால் மனிதர் இறங்கி நடப்பார். சைக்கிள்காரன்கூட சளக் சளக்கென்று மிதித்துப் போய்க்கொண்டிருப்பான். இவர் ஒரு மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு, மணவறையைச் சுற்றுகிற மாதிரி அத்தனை நிதானமாகப் போவார், வருவார். வீட்டு வாசலில் குழாய் உடைந்து தேங்கினாலும் அப்படித்தான். “பக்கெட்டுல குளிக்கிறதுக்கு முன்னாடி குச்சி விட்டுப் பாக்காம இருக்காரே, அந்த மட்டும் சந்தோஷம்” என்பாள் மனைவி.

செல்போன் டவர்களுக்கு டீசல் கொண்டுபோவது அவர் வேலை. டவர்கள் மேட்டிலும் காட்டிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கமும்தான் நிற்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் காய்வதும் மழை நாளில்தான். இருபத்திரண்டு வருடமாக, ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் நாளில் அவர் ஜீப்பை வெளியே எடுக்கிறார்.

அவரிடம் மூன்று அளவுகள் உண்டு. வலது காலில், முழங்காலுக்கு நாலு விரல் கீழே ஒரு தழும்பு. தண்ணீர் அதைத் தொட்டால் வண்டி போகாது. இரண்டாவது, ஒரு சுள்ளியை மிதக்கவிட்டுக் கரையோரம் கூடவே நடப்பார். சுள்ளி அவரை முந்தினால் தண்ணீர் தழும்புக்குக் கீழே இருந்தாலும் வண்டி போகாது. மூன்றாவதைக் கற்றுக்கொள்ள ஒரு பகல் முழுவதும் ஜீப் கூரைமேல் உட்கார வேண்டியிருந்தது.

அது பழைய கதை. அன்றைக்கும் இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை விட்டார். ஆனால் ஒரே கோட்டில் நடந்திருந்தார். இடது சக்கரம் அவர் நடந்த வழியில் சொகுசாகப் போயிற்று. வலது சக்கரம் குழியில் இறங்கியது. எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுத்து விக்கி நின்றது. கூடவே கூரையில் உட்கார்ந்திருந்த டவர் கம்பெனி எஞ்சினியர் சாயங்காலம்வரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நடந்து பாத்தேன்னு சொன்னியேப்பா?” அன்றிலிருந்து இடது சக்கரத்தின் வழியில் போய், வலது சக்கரத்தின் வழியில் திரும்புவார். மனுஷன் ஒருத்தன் நடந்தால் பாதி வண்டிக்குத்தான் வழி தெரியும் என்பது அவர் கணக்கு.

தங்கையும் கணவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடம் வைத்திருந்தார்கள். ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மெஷினில் முதல் ஈடு, நாலாயிரம் முட்டை. சனிக்கிழமை மழையில் கரண்ட் போக, ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு டீசல் வாங்க இந்தப் பக்கம் வந்தார் மாப்பிள்ளை. வாங்கி முடிப்பதற்குள் தரைப்பாலம் மூழ்கிவிட்டது. ராத்திரி மச்சான் வீட்டிலேயே தங்கினார். அலமாரியில் சும்மா கிடந்த, மச்சானின் மஞ்சள் டீ‌ஷர்ட் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். காலையில் அதே சட்டையோடு நாற்காலியில் உட்காராமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

ஒன்பதரைக்குத் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, முட்டைக்குள்ளேர்ந்து சத்தம் வருதுண்ணா. கீச்சு கீச்சுன்னு. நாளைக்குப் பொரிஞ்சிடும். ஆனா டீசல் பன்னெண்டு மணிக்கு மேல தாங்காது.”

“நின்னா?”

“மெஷின்ல ஃபேன் நின்னுடும். உள்ள காத்து போகாது. அவ்வளவு தூரம் வந்துட்டு மூச்சு முட்டிச் செத்துடும்ணா.” பிறகு, “இருபது நாளா ராத்திரி பகலா பாத்திருக்கேன்” என்றாள்.

பத்து மணிக்கு ஆறு வடிந்துகொண்டிருக்கிறது என்று தகவல் வந்தது. பத்தரைக்கு ஜீப் தரைப்பாலத்தின் முன் நின்றது. பின்னால் இரண்டு கேன் டீசல்.

பாலம் ஒரு லாரி போகும் அகலம். தாழ்வான நடுப்பகுதியில் முப்பது எட்டு வைத்து நடக்கும் தூரத்துக்குத் தண்ணீர். இடப்பக்கமிருந்து வந்து, பாலத்தின் மேலேறி, வலப்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. இடது ஓரத்தில் மட்டும் காவல் கற்கள் தலை நீட்டிக்கொண்டிருந்தன.

சர்வீஸ் பானெட்டைத் திறந்து வைத்தார். “எஞ்சின் ஆறட்டும்.”

“மச்சான், அங்க நாலாயிரம் உசுரு தவிக்குது. நீங்க டீ ஆத்துற மாதிரி எஞ்சின ஆத்துறீங்க.”

“சூடா இருக்கிற இரும்ப பச்சைத் தண்ணியில முக்கினா என்னாகும்?”

“என்னாகும்?”

“உங்கள மாதிரி சத்தம் போடும்.”

ரேடியேட்டர் விசிறி தண்ணீரை வாரி அடிக்காமலிருக்க பெல்ட்டைத் தளர்த்தினார். முன்பக்கத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். சுள்ளியை விட்டுப் பார்த்தார். பின்தங்கியே வந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை பம்பரில் முடிந்தார்.

“ரெண்டு தடவ நடக்கணும்ல? நேரமாயிடும்” என்றார் மாப்பிள்ளை. “நீங்க இடது வழியப் பாருங்க, வலது வழிய நான் பாக்குறேன். எனக்கும் ஒரு கயிறு கொடுங்க. என்ன பிரமாதம், கால்தானே!”

சர்வீஸ் யோசித்தார். இந்த வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கயிற்றைக் கொடுத்தார்.

தண்ணீரில் நடக்கும்போது அவர் பின்னால் பார்ப்பதில்லை. கழி, கால், அடுத்த எட்டு, அவ்வளவுதான். அக்கரை சேர்ந்து தழும்பைப் பார்த்தார். ஈரம் இரண்டு விரல் கீழே நின்றது. நிமிர்ந்தபோது மாப்பிள்ளை அதற்குள் திரும்பிப் போய் ஜீப் அருகே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சரியா இருக்கு மச்சான்! வாங்க!”

சர்வீஸ் போன வழியிலேயே திரும்பி வந்தார். இருவரும் ஏறினார்கள். கண்ணாடிகளை இறக்கி, சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னார். நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற சின்ன லிவரைப் போட்டார், முதல் கியர் போட்டார்.

“உள்ள இறங்கிட்டா கியர் மாத்த மாட்டேன், கிளட்ச மிதிக்க மாட்டேன், நிறுத்த மாட்டேன். நீங்க வாயத் திறக்கக் கூடாது.”

“சரி.”

“உங்க பக்கம் கால்ல என்ன தட்டுப்பட்டுச்சு?”

“சிமெண்ட்டுதான்.”

“கடைசி வரைக்குமா?”

“ம்.”

ஜீப் சரிவில் இறங்கியது. முன்சக்கரத்தில் தண்ணீர் பட்டு ஒரு சின்ன அலை எழுந்தது.

“மச்சான், நிறுத்துங்க.”

சர்வீஸ் பிரேக்கை மிதித்தார்.

“நான் உங்க பின்னாடியேதான் வந்தேன்” என்றார் மாப்பிள்ளை. முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பியிருந்தார். “அந்தப் பக்கம் இழுப்பு ஜாஸ்தியா இருந்துச்சு. கால் நடுங்கிடுச்சு. நீங்க வெச்ச இடத்துலயே கால வெச்சேன். அதுவும் பாதிதான். அப்புறம் திரும்பிட்டேன்.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று ஐந்து. சர்வீஸ் ரிவர்ஸ் எடுத்து மேட்டில் நிறுத்தினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு அதுதான் தாங்கவில்லை.

“ரெண்டு வார்த்த திட்டிடுங்க மச்சான்.”

“இப்ப நேரமில்ல. அக்கரை போய்ச் சேந்து சாவகாசமா திட்டுறேன்.”

கயிற்றைக் கட்டிக்கொண்டு வலது வழியில் இறங்கினார். பதினேழாவது எட்டில் கழி சரக்கென்று உள்ளே போயிற்று. எடுத்துத் தொடையோடு வைத்துப் பார்த்தார். பாதித் தொடைவரை ஈரம். சிமெண்ட் ஓரம் உடைந்து, ஒரு கட்டில் அகலத்துக்குக் காணாமல் போயிருந்தது. குழியின் உள்விளிம்பைக் கழியால் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தார். அங்கிருந்து காவல் கல்வரை கழியால் அளந்தார். ஜீப் போகலாம். இடது சக்கரம் கல்லை ஒரு சாண் விட்டுப் போனால், வலது சக்கரம் குழியை ஒரு சாண் விட்டுப் போகும். அதற்கு மேல் ஒரு விரல்கூட இல்லை. மீதி வழியையும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“சட்டையக் கழட்டுங்க.”

“எதுக்கு?”

“குழிக்கு நேரா இருக்கிற கல்லுல கட்டணும். தூரத்துலேர்ந்து தெரியுற மாதிரி நம்மகிட்ட வேற எதுவும் இல்ல. நானே அது கண்ணப் பறிக்குதுன்னுதான் போடாம வெச்சிருந்தேன்.”

கட்டிவிட்டு வந்தது மாப்பிள்ளைதான். இடது வழியில், கல்லைப் பிடித்துப் பிடித்துப் போனார். கால் நடுங்கியது இங்கிருந்தே தெரிந்தது. ஆனால் போனார்.

“இப்ப நீங்க வாயத் திறக்கலாம்” என்றார் சர்வீஸ், மறுபடி கியர் போட்டபடி. “என் சீட்டுலேர்ந்து இடது பக்கம் தெரியாது. ஜன்னல் வழியா தலைய நீட்டுங்க. கல்லுக்கும் டயருக்கும் எத்தன சாண்னு மட்டும் சொல்லிக்கிட்டே வாங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

ஜீப் ஆள் நடக்கும் வேகத்தில் இறங்கியது. தார்ப்பாய்க்கு முன்னால் அலை வில்லாக வளைந்து விலகிப் போனது. அதை முந்தவும் விடாமல், தானும் முந்தாமல், ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைத்திருந்தார்.

“ரெண்டு சாண்... ஒண்ணர... ஒரு சாண்... ஒரு சாண்...”

மஞ்சள் சட்டை பானெட்டுக்கு நேராக வந்தது.

“முக்கா சாண் மச்சான்! முக்கா!”

ஸ்டியரிங்கை அரை விரல் திருப்பினார்.

“ஒண்ணு... ஒண்ணு...”

சர்வீஸின் இருக்கைக்குப் பின்னால், வலது பின்சக்கரம் லேசாகச் சறுக்கியது. பின்பக்கம் வெட்டியது. கேன்கள் இடித்துக்கொண்டன. கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழவில்லை. சக்கரம் சிமெண்டைப் பிடித்தது. சட்டை பின்னால் போயிற்று.

அக்கரையில் ஏறியதும் பிரேக்கை மிதித்தும் விட்டும் ஈரத்தை உலர்த்திக்கொண்டே கொஞ்ச தூரம் போனார். பிறகு நிறுத்தி விசிறி பெல்ட்டை இறுக்கினார். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால் நிறமாகவில்லை. தண்ணீர் உள்ளே போகவில்லை. மாப்பிள்ளை அவசரப்படுத்தவில்லை.

குஞ்சுக்கூடத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டாக ஏழு நிமிடம். ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கேனை ஊற்றி முடித்த பிறகுதான் தங்கை கணவரைப் பார்த்தாள்.

“சட்டை எங்க?”

மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார்.

“பாலத்துல குழி இருக்கு. அதுக்கு அடையாளம் கட்டியிருக்கு” என்றார் சர்வீஸ். “உன் வீட்டுக்காரர் சரியான நேரத்துல வாயத் திறந்தார். இல்லன்னா உள்ள போயிருப்போம்.”

“இவரா? இவர் எப்ப மூடினார், திறக்கிறதுக்கு?” என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மெஷினின் கண்ணாடி வழியாக மூவரும் பார்த்தார்கள். ஒரு முட்டையில் மிளகு அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதில் அலகு நுனி தெரிந்தது, மறைந்தது.

நாலு மணிக்கு சர்வீஸ் திரும்பினார். மாப்பிள்ளை வேறொரு சட்டை போட்டுக்கொண்டு பாலம்வரை கூட வந்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வடிந்துவிட்டது. சைக்கிள்கள் போய்வந்துகொண்டிருந்தன. சர்வீஸ் வழக்கம்போல் கழியை எடுத்தார்.

“நீங்க உக்காருங்க” என்று சொல்லி மாப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குழி இருந்த ஓரத்து வழியிலேயே, ஒவ்வோர் எட்டுக்கும் கத்திக்கொண்டு போனார்.

“சிமெண்ட்டு... சிமெண்ட்டு... மண்ணு... சிமெண்ட்டு...”

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். “என்னங்க, ஏதாவது தொலைஞ்சு போச்சா?”

கத்துகிறவரின் கால்களை விட்டு சர்வீஸ் கண்ணை எடுக்கவில்லை.