எங்கள் பேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய ஏட்டையா

ஆய்க்குடியில் போலீஸ் ஏட்டையா சண்முகவேல் காலமாகிவிட்டார் என்று சேதி வந்தபோது ஐந்தருவியில் ஒருவர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் கையைத் துடைத்துவிட்டு பஸ் ஏறினேன். எனக்கு எழுத வராது. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

அருவி சீசனில் யார் செயின் தொலைந்தாலும் போலீஸ் முதலில் பிடிப்பது எண்ணெய் தேய்க்கிற எங்களைத்தான். ஸ்டேஷனில் எங்கள் பேர் எதிலும் இருக்காது. பேர் இல்லாதவனை எவ்வளவு நேரமும் வைத்திருக்கலாம், என்னவும் செய்யலாம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே கதைதான்.

ஏட்டையா மாற்றலாகி வந்த சீசனில், ஒரு மதுரைக்காரர் செயினுக்காக என்னை இழுத்துப் போனார்கள். ஏட்டையா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் பேர், கூட்டி வந்தவர் பேர், மணி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டினார். எஸ்.ஐ. பாய்ந்து வந்தார்.

“சும்மா விசாரிக்கக் கூட்டிட்டு வந்தவன எதுக்குவே ஏத்துதீரு? உடனே அழிச்சிரும்!”

“அழிக்கலாம் சார். யாரு அழிச்சான்னு அதுவும் உள்ள நிக்கும். உங்க பேருல அழிக்கட்டா?”

எஸ்.ஐ. தன் அறைக்குத் திரும்பினார். ஏட்டையா தட்டியதை எனக்கு வாசித்துக் காட்டினார். “சரியா இருக்கா அண்ணாச்சி? இல்லன்னா இப்பமே சொல்லுங்க.” அன்று என்மேல் ஒரு கை படவில்லை. செயின் சாயங்காலம் அந்த ஆளின் லாட்ஜ் குளியலறையிலேயே கிடைத்தது.

அப்படிப்பட்டவரை விட்டுவைப்பார்களா? தூரத்து ஸ்டேஷனுக்குத் தூக்கியடித்தார்கள். அதோடு எங்களை ஏற்றுவதும் நின்றது. கேட்டால், “சர்வர் படுத்துட்டுவே” என்பார்கள். எங்களை ஏற்றும்போது மட்டும் படுக்கிற சர்வர்! போன சீசனில் என் தம்பி மகன் எங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தான். அவன் ஸ்டேஷனுக்கு வரவேயில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாம்.

சாவு வீட்டில் ஒரு அதிகாரி மாலை போட்டுவிட்டு, “காவல்துறையை நவீனமாக்கியவர்” என்று பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கம்ப்யூட்டர் பெட்டிய வாங்கித் தந்தது கவர்மெண்டு சார். அதுல எங்களயும் மனுசன்னு ஏத்துனது இவரு. நிறுத்துனது யாரு? அதச் சொல்லிட்டுப் போங்க.”

யாரோ ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார். “பெரியவரே, துட்டி வீட்டுல சத்தம் போடாதீரும்.”

“இங்கனதான் இவங்க கையக் கட்டி நிக்காங்க. வேற எங்கன வச்சு கேக்கச் சொல்லுதீரு?”

அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

ஏட்டையா வருவதற்கு முந்திய ஒரு சீசனில், அதே ஸ்டேஷனில் கன்னத்தில் வாங்கிய அறையில் என் வலது காது போனது. இடது காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. அவர் எனக்கு விட்டுப்போனது அந்தக் காது.