முட்டை போட்ட மேலாளர்

நைனார்பாளையம் கடைத்தெருவில், உரக்கடை மாடியில் அம்சவள்ளிக்கு வேலை. மைக்ரோஸ்கோப்பில் எடுத்த செல் படங்கள் கம்ப்யூட்டரில் வரும். ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் மவுஸால் புள்ளி வைத்து ஓரம் வரைய வேண்டும். அந்தக் கோடுகளிலிருந்துதான் உட்கருவின் வடிவத்தை மெஷின் கற்றுக்கொள்கிறது. நோய் வந்த செல்லில் அது பள்ளம் விழுந்து, மடிந்து கிடக்குமாம். பருத்திக் காட்டில் கலப்பு விதைக்காக மொட்டுக்கு மொட்டு மகரந்தப் பையை நகத்தால் உரித்தெடுத்த கை அவளுடையது. ஒரு பள்ளம் தப்பாது.

மேலாளர் தெய்வசிகாமணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் கோழிமுட்டை மாதிரி ஒரு வட்டம், முடிந்தது வேலை. ஒரே படத்தை மூன்று பேர் வரைய வேண்டும், இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவது தப்பு என்பது அவர் போட்ட சட்டம். ஆள் பற்றாததால் மூன்றில் ஒருவர் அவரே. இன்னொருத்தி செந்தமிழ்ச்செல்வி. அவருக்குப் பயந்து அவளும் முட்டையே போட்டாள். அம்சவள்ளியின் படங்கள் மட்டும் சிவப்பு விழுந்து திரும்பின.

"இன்னாம்மா இது, எலி கடிச்ச மாதிரி?"

"படத்துல அப்படித்தான் சார் இருக்கு."

"நீ இன்னா டாக்டரா?"

"டாக்டரா இருந்தா உங்க கிட்ட ஏன் சார் பேச்சு வாங்கிக்கினு இருக்கேன்?"

"இன்னும் ஒரு சிவப்பு விழுந்தா நாளைக்கு வராத" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

செந்தமிழ்ச்செல்வி நாற்காலியை நகர்த்தினாள். "அக்கா, பள்ளம் எனக்கும்தான் தெரியுது."

"தெரிஞ்சிக்கினேவா முட்டை போடுற? கண்ணு எதுக்குடி, மை வெக்கவா?"

செல்வி நாற்காலியைத் தன் இடத்துக்கே இழுத்துக்கொண்டாள்.

அடுத்த படம் வந்தது. ஓரத்தில் ஓர் உட்கரு, நடுவில் ஆழமாக உள்வாங்கியிருந்தது. வேலை போனால் மறுபடி பருத்திக் காடுதான். தெரிந்தேதான் அம்சவள்ளி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, அறுபது புள்ளி வைத்து ஏறி வந்தாள். தெய்வசிகாமணி டீ டம்ளரோடு வந்து, நின்றபடியே ஒரு வட்டத்தைத் தட்டினார்.

முடிவு வந்தது. அம்சவள்ளி பச்சை. செல்வி பச்சை. தெய்வசிகாமணி சிவப்பு.

செல்வி தலையைத் தூக்கவே இல்லை. அவள் திரையிலும் அதே பள்ளம், புள்ளி புள்ளியாக.

"சர்வர்ல ஏதோ கோளாறு" என்றார் அவர்.

"உங்க சட்டம்தான சார்" என்றாள் அம்சவள்ளி, திரும்பாமல். "ஒக்காந்து பெரிசாக்கிப் பாருங்க. நான் வேணா கத்துத் தரேன்."